சமமாக நடத்தச் சொல்வதா, தனியாகக் கவனிக்கச் சொல்வதா: பெண் தொழிலாளர் கூட்டங்களில் கற்றவை

பெண் தொழிலாளர்களின் கோரிக்கைகளை எழுத உட்காரும் எந்தக் கூட்டத்திலும் ஒரு கட்டத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். “ஆம்பளைக்கு என்ன சட்டமோ அதுவே எங்களுக்கும் போதும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்” என்று ஒரு பக்கம். “பிள்ளை பெறுவது யாரு? ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் நடப்பது யாரு? நமக்குத் தனியாகத்தான் கேட்கணும்” என்று இன்னொரு பக்கம். பேசுகிறவர்கள் ஒரே லைனில் அடுத்தடுத்த மெஷினில் தைப்பவர்களாக இருப்பார்கள். நிர்வாகத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே நமக்குள் இரண்டாகப் பிரிந்து நின்ற கூட்டங்கள் நிறைய உண்டு.

நான் ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை பார்த்தவள். பிறகு பெண் தொழிலாளர் அமைப்பு ஒன்றுக்கு முழுநேர வேலைக்கு வந்துவிட்டேன். இந்த வாதத்தைப் பல இடங்களில் நடத்தியதில் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டிருக்கிறது. “சமமா, சிறப்பா” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் விடை வராது. ஒரு ஏற்பாட்டின் செலவு யார் தலையில் விழுகிறது, அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார் என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். மீதிப் பாதி அடங்காது. அதோடு எப்படி வேலை செய்வது என்பதையும் சொல்கிறேன்.

சமமாக நடத்தச் சொல்பவர்களின் பயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெண்களுக்கென்று தனியாகச் செய்த ஏற்பாடுகள் பெண்களையே வெளியே தள்ளியதற்கு நம் நாட்டில் சாட்சி ஏராளம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு, இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஆலைகளில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பாதுகாக்கத்தான் அப்படி எழுதினார்கள். நடைமுறையில் இரவு ஷிப்ட்டுக்கான கூடுதல் பணம் ஆண்களுக்குப் போனது. மூன்று ஷிப்ட்டிலும் சுழலக்கூடிய ஆள்தான் வேண்டும் என்ற இடங்களில் பெண்களுக்கு வேலையே இல்லாமல் போனது. அந்தத் தடையை வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. ரத்து செய்ததோடு நிற்காமல், வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு வண்டி, பாலியல் தொந்தரவு நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்று நிபந்தனைகளையும் வைத்தது. இது எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. ஆபத்து இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் சுமையைப் பெண்ணிடமிருந்து எடுத்து ஆலையின் மேல் வைத்தது.

உச்ச நீதிமன்றமும் 2007இல் அனுஜ் கார்க் வழக்கில் இதே வழியில் போனது. மதுபானம் விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று 1914ஆம் ஆண்டு பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டம் சொல்லியிருந்தது. பாதுகாப்பு இல்லை என்றால் பாதுகாப்பைக் கொடுங்கள், வேலையைப் பறிக்காதீர்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

“நீங்கள் வேறு பிரிவு” என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நான் கூட்டங்களில் சொல்வது ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கை. அப்போதைய விதிப்படி 35 வயதானாலோ, பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் முறை கர்ப்பமானாலோ வேலை முடிந்தது. அதே விமானத்தில் வேலை செய்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58. நர்கேஷ் மிர்சா என்ற பணிப்பெண் போராடியதில் 1981இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை நீக்கியது. கல்யாண விதியை விட்டுவிட்டது. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு பணிப்பிரிவு, அதனால் வேறு மாதிரி நடத்துவது பாகுபாடு ஆகாது என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆறு வருடம் கழித்து, 1987இல், ஆட்ரி டிகோஸ்டா என்ற சுருக்கெழுத்தாளரின் வழக்கில் இதே மாதிரியான வாதம் எடுபடவில்லை. பெண் சுருக்கெழுத்தாளர்கள் தனிப் பிரிவு, அதனால் சம்பளம் குறைவு என்று நிறுவனம் சொன்னதை நீதிமன்றம் தள்ளிவிட்டது.

தையல் ஆலைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆண் செய்தால் டெய்லர், பெண் செய்தால் ஹெல்பர் என்று பதிவேட்டில் எழுதிவைத்திருக்கும் இடங்கள் உண்டு. வேலை ஒன்றுதான். பெயர் மாறியதும் கூலி மாறிவிடும். அதனால் ஒரு பெண் “தனியாக எதுவும் வேண்டாம்” என்று கோபமாகச் சொல்லும்போது, அவள் பெண்களுக்கு எதிராகப் பேசுகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. தனி என்ற சொல்லால் அவள் என்ன இழந்தாள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பதவி உயர்வோ, ஓவர்டைம் பணமோ, ஒரு மெஷினோ இருக்கும்.

இப்போது மறுபக்கம். எல்லாருக்கும் ஒரே டார்கெட், ஒரே இடைவேளை, லீவு எடுத்தால் ஒரே வெட்டு என்று வைத்தால் காகிதத்தில் அது சமம்தான். அந்த டார்கெட்டை யார் உடம்பை வைத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். கர்ப்பமாகாத, மாதவிடாய் வராத, வீட்டில் சமைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவரத் தேவையில்லாத ஓர் ஆளை வைத்துப் போட்டது. கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்ற விதி இருந்த ஓர் ஆலையை எனக்குத் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே டோக்கன்தான். மாதவிடாய் நாளில் ஒரு பெண் அந்த டோக்கனுக்காகக் காத்து நிற்பதும், ஓர் ஆண் காத்து நிற்பதும் ஒன்றாகுமா? அந்த ஆலையில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனைக்கு அலைந்தார்கள். விதி ஒன்று, விளைவு இரண்டு.

அதனால் பேறுகால விடுப்பு போன்றவற்றில் “சமம்” என்று பேசி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1979ஆம் ஆண்டு ஐநா உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. தாய்மையைக் காக்கும் ஏற்பாடு பாகுபாடு ஆகாது. சமநிலையை வேகமாகக் கொண்டுவர எடுக்கும் மற்ற சிறப்பு நடவடிக்கைகளும் பாகுபாடு ஆகாது. ஆனால் அவை தற்காலிகமானவை, நோக்கம் நிறைவேறியதும் விலக்கிக்கொள்ள வேண்டும். இந்தியா 1993இல் இதை ஏற்றுக்கொண்டது. கூட்டத்தில் இந்த இரண்டையும் பிரித்து எழுதிப்போட்டாலே குழப்பம் பாதி குறையும். பிள்ளை பெறுவது என்றைக்கும் இருக்கும். பெண் சூப்பர்வைசர்களே இல்லாததால் கேட்கும் இடஒதுக்கீடு என்றைக்கும் இருக்க வேண்டியதில்லை.

சரி, பேறுகால விடுப்பு வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அப்புறமும் ஏன் அது பெண்களுக்கு எதிராகத் திரும்புகிறது? இங்கேதான் செலவு வருகிறது. 1961 பேறுகாலப் பலன் சட்டத்தை 2017இல் திருத்தி 12 வாரத்தை 26 வாரமாக்கினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது பொருந்தும். நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம். ஆனால் அந்தச் சட்டத்தில் 26 வாரச் சம்பளமும் வேலை கொடுப்பவர் கையிலிருந்து போக வேண்டும். நேர்காணலில் “கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை எப்போ?” என்று கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் வேறு மாதிரி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற, இஎஸ்ஐயில் சேர்ந்த பெண்ணுக்கு அந்த 26 வாரப் பணத்தை இஎஸ்ஐ நிதி கொடுக்கிறது. அந்த நிதிக்கு வேலை கொடுப்பவர் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். ஆணுக்காகவும் பெண்ணுக்காகவும் கட்டுகிறார்கள். அதனால் ஒரு பெண்ணை வேலைக்கு எடுப்பதால் அந்தப் பணம் தனியாக யாருக்கும் கூடுவதில்லை. ஒரே 26 வாரம்தான். செலவை எல்லார் மேலும் பரப்பியதும் பெண் என்பவள் செலவு பிடிக்கும் ஆள் என்ற கணக்கு உடைந்துபோகிறது.

இதை 1928இலேயே அம்பேத்கர் பேசியிருக்கிறார். பம்பாய் மாகாணச் சட்டசபையில் பேறுகாலப் பலன் மசோதா வந்தபோது அதை ஆதரித்தார். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலனுக்கானது, ஆகவே இந்தச் சுமையில் பெரும் பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றார். அதற்காக முதலாளிக்குப் பொறுப்பே இல்லை என்று அவர் விட்டுவிடவும் இல்லை. ஏறத்தாழ நூறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் கோரிக்கை மனுவில் அந்த வரிதான் முதலில் நிற்கிறது.

குழந்தைக் காப்பகத்திலும் இதே பொறி இருந்தது. தொழிற்சாலைகள் சட்டம் 30க்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. எண்ணிக்கை பெண்களை வைத்து. அப்புறம் என்ன ஆகும்? பெண்களின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள், அல்லது காண்ட்ராக்டர் பெயரில் எழுதிவிடுவார்கள். பேறுகாலப் பலன் சட்டத்தின் 2017 திருத்தம் 50 பணியாளர்கள் இருந்தால் காப்பகம் என்றது. ஆணும் பெண்ணும் சேர்த்து ஐம்பது. ஒரு பெண்ணைக் குறைத்து ஓர் ஆணை வைப்பதால் முதலாளிக்கு இனி எந்த லாபமும் இல்லை. எந்த ஏற்பாட்டைக் கேட்டாலும் அது எதை எண்ணித் தொடங்குகிறது என்று பாருங்கள். பெண்களை எண்ணித் தொடங்கினால் பெண்களைக் குறைப்பார்கள்.

இதிலிருந்துதான் நான் கூட்டங்களில் ஒரு பயிற்சி செய்யத் தொடங்கினேன். கோரிக்கையை முதலில் எல்லாரும் விரும்பியபடி எழுதுவோம். அப்புறம் அதில் ‘பெண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படிப்போம். அப்போதும் கோரிக்கை நிற்கிறதா என்று பார்ப்போம். “நின்றுகொண்டே வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார இருக்கை வேண்டும்” நிற்கிறது. “கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியதில்லை” நிற்கிறது. “இரவு ஷிப்ட் முடிந்ததும் வீடு வரை வண்டி வேண்டும்” நிற்கிறது. “பிரசவத்துக்குப் பிறகு பழைய இடத்திலேயே வேலை வேண்டும்” நிற்காது. நிற்காதவற்றைப் பெண்களுக்கானவை என்று வெளிப்படையாகச் சொல்லி, வெட்கப்படாமல் கேட்போம். நிற்பவற்றை எல்லாருக்குமாகக் கேட்போம்.

இருக்கை உரிமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேரளத்தில் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் இருக்கும் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு அதை முன்னெடுத்தது. துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றே இருக்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும் என்றது. எல்லாப் பணியாளர்களுக்கும்! பெண்கள் தொடங்கிய சண்டையில் ஆண் சேல்ஸ்மேன்களுக்கும் நாற்காலி கிடைத்தது. பெண்களுக்கு மட்டும் என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். “உட்கார வேண்டாத ஆம்பளையையே எடுத்துக்கொள்” என்று ஏதாவது ஒரு முதலாளி சொல்லியிருப்பார்.

ஆனால் இந்தப் பயிற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் 1982இல் லிலியன் கார்லண்ட் என்ற வங்கி வரவேற்பாளர் பிரசவம் முடிந்து திரும்பியபோது அவருடைய இடம் போயிருந்தது. கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் கர்ப்பிணிகளுக்கு நான்கு மாதம் வரை விடுப்பும் திரும்ப வேலையும் உறுதி செய்திருந்தது. வங்கி, இது பெண்களுக்குச் சலுகை, ஆண்களுக்குப் பாகுபாடு என்று வழக்காடியது. பெண்ணிய அமைப்புகளே இரண்டாகப் பிரிந்தன. ஒரு தரப்பு சட்டத்தை அப்படியே ஆதரித்தது. இன்னொரு தரப்பு, சட்டத்தை வெட்டாதீர்கள், உடல்நலக் குறைவால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாத எல்லாருக்கும் அதை நீட்டியுங்கள் என்றது. 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. பிறகு 1993இல் நாடு முழுவதற்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் வந்தது. 12 வாரம், ஆனால் சம்பளம் கிடையாது. எல்லாருக்கும் என்று விரிக்கும்போது ஏற்பாடு மெலிந்துபோகிற ஆபத்து இதுதான். சம்பளமில்லாத விடுப்பை எங்கள் லைனில் ஒரு பெண்ணாலும் எடுக்க முடியாது. ஆகவே ‘பெண்’ என்ற சொல்லை எடுத்த பிறகு இன்னொரு முறை படித்துப் பார்ப்போம். மிகவும் தேவைப்படுகிறவளுக்கு இது இன்னும் போதுமானதாக இருக்கிறதா? இல்லை என்றால் பொதுக் கோரிக்கைக்கு மேலே அவளுக்கானதைத் தனியாகச் சேர்ப்போம். இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். இரவு வேலையில் இப்போது பேச்செல்லாம் பெண்ணின் சம்மதத்தைப் பற்றித்தான். 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பெண்கள் சம்மதித்தால் இரவில் வேலை செய்யலாம் என்கிறது. நல்ல சொல். ஆனால் வேலையில் சேரும் அன்று நீட்டும் தாள்களோடு இந்தச் சம்மதத் தாளையும் சேர்த்து நீட்டினால் அதில் என்ன சம்மதம் இருக்கிறது? அதனால் எங்கள் கோரிக்கையில், சம்மதம் ஷிப்ட் போடும்போது கேட்கப்பட வேண்டும், மறுத்தால் பகல் ஷிப்ட் உறுதியாக இருக்க வேண்டும், ஒருமுறை கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற வழி வேண்டும் என்று எழுதுகிறோம். மறுக்கவும் ஏற்கவும் அவளால் முடிந்தால் அது உரிமை. இரண்டில் ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் அதற்குச் சலுகை என்ற பெயர் கொடுத்தாலும் சமத்துவம் என்ற பெயர் கொடுத்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

மாதவிடாய் விடுப்பில்தான் நாங்கள் அதிகம் சண்டை போட்டோம். இன்னும் போடுகிறோம். பீகாரில் 1992 முதல் அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் இது வந்தபோது, கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்ற கவலையை நீதிபதிகள் சொன்னார்கள், கொள்கை முடிவை அரசிடம் விட்டார்கள். அதே வாரம் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் எதிரெதிராக நின்றார்கள். இருவரும் எனக்கு மூத்தவர்கள், இருவரும் ஆலை வேலை செய்தவர்கள். ஓர் அக்கா சொன்னார்: “மாத்திரையைப் போட்டுக்கொண்டு தைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். என் பொண்ணும் அப்படித் தைக்கணுமா?” இன்னோர் அக்கா: “இப்பவே நம்மை லீவு பார்ட்டி என்கிறான். இதையும் கேட்டா லைன் லீடர் வேலை நமக்குக் கனவுதான்.”

மாத்திரை என்று அந்த அக்கா சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்கு, உறையில் பெயர் எதுவும் இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியது 2019இல் செய்தியாக வெளிவந்து நாடே பேசியது. லீவு இல்லை, வேறு எந்த ஏற்பாடும் இல்லை, டார்கெட் மட்டும் ஒன்று என்ற சமத்துவம் கடைசியில் அந்த மாத்திரையில்தான் போய் நிற்கும்.

அன்று விவாதத்தைத் திருப்பியது ஓர் இளம்பெண். லீவு கொடுத்தாலும் அதை யாரிடம் போய்க் கேட்பது என்றாள். ஆண் சூப்பர்வைசரிடம் காரணம் சொல்லி, அவர் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த மாதம் அதை வைத்துக் கேலி பேசுவதை யார் தடுப்பது என்றாள். அவள் சொன்னதிலிருந்து கோரிக்கை வேறு வடிவம் எடுத்தது. காரணம் சொல்லத் தேவையில்லாத, சம்பளத்தோடு கூடிய கூடுதல் உடல்நல விடுப்பு எல்லாத் தொழிலாளருக்கும். படுத்து எழ ஓர் அறை. தேவையானபோது கழிப்பறை. கடும் வலி, மருத்துவர் சொன்ன நோய் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் தனி விடுப்பு. முதல் அக்கா, மாதவிடாய் என்ற சொல் பட்டியலிலிருந்து மறைந்ததை ஒத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதே பழைய வெட்கம்தான் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்த எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிவைத்தோம். ஒருமனதாக என்று பொய்யாக எழுதவில்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். ஆனால் தோற்ற கருத்தும் எழுத்தில் இருந்தால்தான் தோற்றவர் அடுத்த கூட்டத்துக்கு வருவார்.

வெளியிலிருந்து வரும் கேள்வியைச் சமாளிப்பதும் ஒரு வேலை. “சமம் வேணும்னு கேட்டீங்களே, வாங்க, மூட்டை தூக்குங்க” என்று ஆண் தொழிலாளர்கள் சொல்வார்கள். கோபப்படாமல் பதில் சொல்லலாம். அந்த மூட்டையைத் தூக்கி இடுப்பு போனவர் எத்தனை பேர் என்று அவர்களையே கேளுங்கள். உடனே ஊரில் படுத்துக்கிடக்கும் ஒரு பெயரைச் சொல்வார்கள். மூட்டையின் எடைக்கு வரம்பும் தள்ளுவண்டியும் கேட்கலாம், இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம் என்று சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். பெண் தூக்க முடியாத எடை பல நேரம் ஆணையும் உடைக்கிற எடைதான். வேலை நேரத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1908இல் பெண்களுக்கு மட்டும் பத்து மணி நேர வரம்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு மூன்று வருடம் முன்பு ரொட்டிக்கூடத் தொழிலாளர்களின் வேலை நேர வரம்பை அதே நீதிமன்றம் தூக்கியெறிந்திருந்தது. 1938இல்தான் ஆண் பெண் என்று பிரிக்காத வேலை நேரச் சட்டம் அங்கே நாடு முழுவதற்குமாக வந்தது.

சாதி இடஒதுக்கீட்டைப் பற்றியும் சமமா, சிறப்பா என்ற இதே கேள்வி வரும், அதைத் தவிர்க்கக் கூடாது. எங்கள் ஆலைகளில் சாதி இல்லாத லைன் எதுவும் கிடையாது. நம் அரசியல் சட்டத்தின் 15(3) பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கு அப்படி ஒரு வரி 15ஆவது பிரிவில் இல்லை. அதனால்தான் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கு 1951இல் சமத்துவத்தின் பெயரால் வீழ்த்தியது. இங்கே எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. பிறகு 1975இல் என்.எம். தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அடி முன்னால் போனது. இத்தகைய ஏற்பாடு சமத்துவ விதிக்கு விதிவிலக்கு இல்லை, சமத்துவத்தின் ஒரு வடிவமே என்றது. பெண்களுக்கான ஏற்பாட்டைக் கைதட்டி வரவேற்றுவிட்டு, சாதிக்கான ஏற்பாட்டைச் சலுகை என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் இந்த வரலாற்றைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் அடிப்படை ஒன்று.

மாற்றுத்திறனாளி தோழர்கள் எங்களைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். 2016 சட்டத்தில் நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்று எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்தில் சிரமம் இருந்த விகாஷ் குமாருக்குத் தேர்வெழுத உதவியாளர் மறுக்கப்பட்ட வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் உதவியாளர் என்ற வாதத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆளுக்கு என்ன தடையோ அதைப் பார்த்து நீக்கு என்பதே அதன் வழி. நம் கோரிக்கைகளையும் இந்த மொழியில் எழுதிப் பழகலாம். “பெண்களுக்குச் சலுகை தாருங்கள்” என்று எழுதாமல், எந்தத் தடை, எங்கே இருக்கிறது, எதை வைத்தால் நீங்கும் என்று எழுத வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சிலவற்றை வழக்கமாக்கிக்கொண்டால் நல்லது. கூட்டத்தைக் கொள்கையில் தொடங்காதீர்கள். காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை ஒருத்தி தன் நாளைச் சொல்லட்டும், மற்றவர்கள் இடையில் பேசாமல் கேட்கட்டும். மனுவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்று எழுதுங்கள், இஎஸ்ஐயா, அரசா, ஆலையா என்று. ஒரு சிறப்பு ஏற்பாடு கிடைத்துவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை மூன்று கணக்குகளை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். எத்தனை பேர் அதைப் பயன்படுத்தினார்கள், பேறுகால விடுப்பில் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள், திரும்பியவர்கள் அதே மெஷினில், அதே கூலியில் இருக்கிறார்களா? அந்த வருடம் புதிதாக எடுத்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். திரும்புகிறவர்கள் குறைந்து, எடுக்கப்படும் பெண்களும் குறைந்தால் செலவு மறுபடி பெண் தலையில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தத் தாளோடு போங்கள்.